கடனாளிக்கும் சட்டம் உண்டு: புதுக்கோட்டைக் குடியிருப்புகளில் கடனும் உரிமையும்

வன்கொடுமை வழக்குகளில் சாட்சிகள் ஏன் பிறழ்கிறார்கள் என்று கேட்டால் மிரட்டல், காவல்துறையின் மெத்தனம், விசாரணையின் காலதாமதம் எனக் காரணங்களை அடுக்குகிறோம். கடனை அந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. குற்றம் சாட்டப்பட்டவரிடமோ அவருடைய பங்காளியிடமோ 20,000 ரூபாய் வட்டிக்கு வாங்கிய கூலித் தொழிலாளி, சாட்சிக் கூண்டில் ஏறி அவரை அடையாளம் காட்டிவிட்டு அன்று மாலையே அதே ஊருக்குத் திரும்ப வேண்டும். அவரை வாயடைக்கக் கொலை மிரட்டல் தேவையில்லை. ‘பணத்தை எடுத்து வை’ என்ற ஒரு சொல் போதும்.

எனவே கடனைத் தனிமனிதரின் கஷ்டம் என்றோ, சிக்கனம் அறியாதவரின் குறை என்றோ நாம் ஒதுக்கிவிட முடியாது. புதுக்கோட்டை போன்ற மாவட்டத்தில் கடன், சாதி அதிகாரத்தின் கையிருப்பு ஆயுதங்களுள் ஒன்று. வானம் பார்த்த பூமியும் கண்மாய்ப் பாசனமும் கொண்ட இம்மாவட்டத்தில் நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு விவசாயக் கூலி, கல்குவாரி, சித்தாள் வேலை, வெளியூர்ப் பிழைப்பு என்பவையே வழி. மழை பொய்த்தாலும் மருத்துவச் செலவு வந்தாலும் கடன் வாங்காமல் தீராது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் ஆலங்குடி, கறம்பக்குடி, கந்தர்வகோட்டைப் பகுதிகளின் தென்னையையும் பலாவையும் சாய்த்தபோது, தோப்பு வைத்திருந்தவருக்கு மரக்கணக்கில் இழப்பீடு பேசப்பட்டது. அத்தோப்புகளில் காய் வெட்டியும் மட்டை உரித்தும் பிழைத்தவர் இழந்த வேலைநாட்களுக்கு யாரும் கணக்கு எழுதவில்லை. அந்தக் கணக்கு வட்டிக்காரரின் நோட்டில்தான் ஏறியது.

கடனில் சிக்கியவர் முதலில் கேட்பது ‘எப்படி அடைப்பது’ என்பதாக இருக்கிறது. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தக் கடன் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது? திருப்பித் தர வேண்டிய கடமையே இல்லாத கடன் உண்டு. சட்டம் அனுமதித்த வட்டிக்கு மேல் தர வேண்டாத கடன் உண்டு. தவணையைத் தளர்த்தக் கேட்கத்தக்க கடன் உண்டு. நீதிமன்றத்தில் எதிர்கொள்ள வேண்டிய கடனும் உண்டு. இவற்றைப் பிரித்தறிவதே விடுதலையின் முதற்படி.

பொதுவான விதி

கடன் வாங்கித் திருப்பித் தர இயலாமற்போவது குற்றமன்று. அது உரிமையியல் விவகாரம். கடன் கொடுத்தவருக்குள்ள உரிமை, நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பது மட்டுமே. வீட்டுக்குள் நுழைவது, வழி மறிப்பது, வண்டியையோ ஆட்டையோ ஓட்டிச் செல்வது, குடும்ப அட்டையையும் ஏ.டி.எம். அட்டையையும் பிடுங்கி வைத்துக்கொள்வது, பெண்களை இழிசொல்லால் ஏசுவது ஆகிய எதற்கும் அவருக்கு அதிகாரம் இல்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின்படி சட்டவிரோதமாக வழிமறிப்பது 126ஆம் பிரிவிலும், அடைத்து வைப்பது 127ஆம் பிரிவிலும், மிரட்டிப் பறிப்பது 308ஆம் பிரிவிலும், அத்துமீறி நுழைவது 329ஆம் பிரிவிலும், குற்றமுறு மிரட்டல் 351ஆம் பிரிவிலும் வரும். காவல் நிலையத்தில் ‘கொடுக்கல் வாங்கல் தகராறு’ என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்ல வேண்டும். கடன் உரிமையியல், மிரட்டல் குற்றவியல். ஒன்று இருப்பதால் மற்றொன்று இல்லாமற்போகாது.

முன்பணம்: அழிந்துபோன கடன்

கல்குவாரி, செங்கல் சூளை, கரும்பு வெட்டு, ஆட்டுக்கிடை ஆகியவற்றில் ‘அட்வான்ஸ்’ என்ற பெயரில் பணம் கொடுத்து ஆளைக் கட்டிப்போடும் வழக்கம் இன்றும் உண்டு. கஜாவுக்குப் பின்னர் டெல்டாப் பகுதியில் சிறுவர்கள் ஆடு மேய்க்க அடகு வைக்கப்பட்ட செய்திகள் வெளிவந்தன. இவ்வகைக் கடனுக்குரியது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டம்.

இச்சட்டத்தின் வரையறையை மாணவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். முன்பணம் பெற்றதற்காக உழைப்பவர் மட்டுமல்லர். முன்னோர் பட்ட கடனுக்காக உழைப்பவரும், ஒரு குறிப்பிட்ட சாதியில் பிறந்த காரணத்தால் உழைக்க நேர்ந்தவரும் இதில் அடங்குவர். சாதியும் கடனும் ஒரே கயிற்றின் இரு புரிகள் என்பதை நாடாளுமன்றமே எழுத்தில் ஒப்புக்கொண்ட இடம் இது. அவ்வாறு உழைப்பவர் கூலியின்றியோ பெயரளவுக் கூலிக்கோ வேலை செய்தாலும், வேறு வேலைக்குப் போகும் உரிமையை இழந்தாலும், விரும்பிய இடத்துக்குப் போய்வரும் உரிமையை இழந்தாலும் அது கொத்தடிமை முறையே. சங்கிலி கட்டியிருக்க வேண்டியதில்லை. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆவது உறுப்பு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982இல் ஆசிய விளையாட்டுத் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பளித்தது.

சட்டத்தின் 6ஆம் பிரிவு கொத்தடிமைக் கடனை முழுவதுமாக அழித்துவிட்டது. பாதி கட்டுகிறேன், தவணை கொடுங்கள் என்று பேச வேண்டிய தேவையே இல்லை. அழிந்த கடனுக்குப் பணம் பெறுவதை 9ஆம் பிரிவு 3 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. இது கொத்தடிமைக் கடன் அன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும், 15ஆம் பிரிவின்படி, கடன் கொடுத்தவர் தலையில்தான் இருக்கிறது.

மனுவை மாவட்ட ஆட்சியரிடமோ, புதுக்கோட்டை, அறந்தாங்கி, இலுப்பூர் கோட்டாட்சியர்களிடமோ கொடுக்கலாம். விசாரணைக்குப் பின் விடுதலைச் சான்றிதழ் கட்டாயம் பெற வேண்டும். மறுவாழ்வுத் திட்டத்தின்படி வயதுவந்த ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், பாலியல் சுரண்டல் போன்ற கொடுமைகளுக்கு ஆளானவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் உதவி உண்டு. உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை தரலாம். சான்றிதழ் இல்லாமல் மீட்கப்பட்டவர் வெறுங்கையுடன் ஊர் திரும்பிப் பழைய முதலாளியிடமே மீண்டும் கை நீட்ட நேரும்.

இம்மாவட்டத்துக்கு இதில் ஒரு பாடமும் உண்டு. 1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கக் காலத்தில், அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் கல்குவாரிகளின் குத்தகையை அங்கு உடைத்துக்கொண்டிருந்த பெண்களின் குழுக்களுக்கே வழங்கினார். குடுமியான்மலைப் பகுதியில் ஒப்பந்ததாரரிடம் கட்டுண்டு கிடந்த குடும்பங்கள் தம் உழைப்புக்குத் தாமே விலை சொல்லும் நிலைக்கு வந்தன. ஒப்பந்ததாரர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தனர். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைத் தம் நூலில் பதிவு செய்துள்ளார். கடனை அழிக்கும் ஆணையோடு வாழ்வாதாரத்தின் மீதான உரிமையும் சேரும்போதுதான் கட்டு அறுகிறது என்பது அதன் பொருள்.

கந்துவட்டி: கணக்கைத் திருப்பி எழுதுங்கள்

2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டி வசூலிப்புத் தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி, மணி வட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே தடை செய்கிறது. கடன் தருவோர் சட்டப்படி வாங்கத்தக்க வட்டி ஆண்டுக்கு 12 விழுக்காடு. அதற்கு மேல் வாங்கினால் 3 ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு.

கணக்கைப் பாருங்கள். ‘பத்து வட்டி’க்கு 10,000 ரூபாய் வாங்கியவர் மாதம் 1,000 ரூபாய் கட்டுகிறார். இது ஆண்டுக்கு 120 விழுக்காடு. ஓராண்டு கட்டிய பிறகும் ‘அசல் அப்படியே இருக்கிறது’ என்பார் வட்டிக்காரர். சட்டப்படியான 12 விழுக்காட்டில், அதாவது மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வீதம், கணக்கிட்டால் முதல் மாதம் கட்டிய 1,000 ரூபாயில் 100 மட்டுமே வட்டி. 900 அசலில் கழிய வேண்டும். இப்படியே கழித்துக்கொண்டு போனால் பதினோராவது மாதம் சுமார் 590 ரூபாய் கட்டியதும் அசலும் வட்டியும் தீர்ந்துவிடுகின்றன. பன்னிரண்டாவது மாதம் கட்டியது முழுக்க முழுக்கப் பறிப்பு. தண்டலும் அப்படியே. 10,000 என்று எழுதி 8,500 கையில் கொடுத்து, நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் வாங்கினால், ஆண்டு வட்டி நூறு விழுக்காட்டைத் தாண்டுகிறது.

இச்சட்டத்தின் 5ஆம் பிரிவு அதிகம் அறியப்படாதது. கடனாளி, சட்டப்படியான வட்டியுடன் தர வேண்டிய தொகையை நீதிமன்றத்தில் செலுத்தி, கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யக் கோரலாம். கூடுதலாகக் கட்டிய வட்டியை அசலில் கழிக்கவும் நீதிமன்றத்தால் முடியும்.

ஆயினும் சட்டம் தாளில் இருந்தால் போதாது. 2017 அக்டோபர் 23 அன்று திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கணவன், மனைவி, இரு பெண் குழந்தைகள் தீக்குளித்து இறந்ததை நாடே பார்த்தது. கந்துவட்டிக் கொடுமை குறித்து அவர்கள் ஏற்கெனவே மனு கொடுத்திருந்தனர். அப்போது சட்டத்துக்கு வயது 14. கொடுத்த மனுவை யாராவது தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டாம். ஒவ்வொரு மனுவுக்கும் ரசீது பெறுவதும், பதினைந்து நாளில் நேரில் போய்க் கேட்பதும், எழுத்தறிந்த தோழர் ஒருவர் உடன் போவதும் இயக்கத்தின் வேலை.

குழுக்கடன்: தவணைக்கும் நெறிமுறை உண்டு

இன்று பெண்களின் பெருஞ்சுமை, நுண்கடன் நிறுவனங்களிடம் வாங்கும் குழுக்கடன். ஒரு நிறுவனத்தின் தவணையைக் கட்ட இன்னொன்றில் வாங்குவதும், அதைக் கட்டத் தண்டலுக்குப் போவதும் வழக்கமாகிவிட்டன. இவ்வாறு பெருகிய கடன் 2010இல் ஆந்திரத்தில் தற்கொலைகளுக்கும், நுண்கடன் வசூலை முறைப்படுத்தும் அவசரச் சட்டத்துக்கும் இட்டுச் சென்றது. 

ரிசர்வ் வங்கி 2022 மார்ச் 14 அன்று வெளியிட்ட நெறிமுறைகள் சில எல்லைகளை வகுத்துள்ளன. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்குத் தரும் நுண்கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது. குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது. வசூல் இருதரப்பும் ஒப்புக்கொண்ட பொது இடத்தில் நடக்க வேண்டும்; தொடர்ந்து இரண்டு முறையோ அதற்கு மேலோ அங்கு வராதபோதுதான் ஊழியர் வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ வரலாம். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. உறவினரையும் உடன் வேலை செய்வோரையும் தொல்லைப்படுத்துவதும், கடனாளியின் பெயரை வெளியிடுவதும், வன்முறையும் வசைச்சொல்லும் தடை செய்யப்பட்டவை. கட்டச் சிரமப்படுவோரை இனங்கண்டு வழிகாட்டும் ஏற்பாடு நிறுவனத்திடம் இருக்க வேண்டும் என்றும் அந்நெறிமுறை சொல்கிறது.

இந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். வேலை போனது, நோய், விபத்து, புயல் என எது காரணமானாலும் அதை எழுதி, ‘மாதம் இவ்வளவுதான் கட்ட இயலும், தவணையை மாற்றித் தாருங்கள்’ என்று கிளை மேலாளருக்குப் பதிவு அஞ்சலில் கடிதம் அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். 14448 என்ற எண்ணில் வழிமுறை கேட்டறியலாம். ஒருவர் கட்டாததற்காக மற்றப் பெண்களை இரவு வரை உட்கார வைப்பது 127ஆம் பிரிவில் வரும் குற்றம். கடன் வாங்கியவரோ கணவரோ இறந்திருந்தால், கடனோடு பிடித்தம் செய்த காப்பீடு உண்டா என்று கேட்க வேண்டும். பெரும்பாலான குழுக்கடன்களில் அது உண்டு. கேட்காதவருக்குச் சொல்வார் இல்லை.

2025இல் தமிழ்நாடு சட்டப்பேரவை, கடன் வழங்கும் நிறுவனங்களின் வலுக்கட்டாய வசூலைத் தடுக்கத் தனிச்சட்டம் இயற்றியது. மிரட்டல், பின்தொடர்தல், அரசு உதவிக்கான ஆவணங்களைப் பறித்தல் ஆகியவற்றுக்கு 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க அது வகை செய்கிறது. வசூல் கொடுமையால் கடனாளி தற்கொலை செய்துகொண்டால் அது தற்கொலைக்குத் தூண்டிய குற்றமாகக் கருதப்படும்.

நீதிமன்றத்திலிருந்து தாள் வந்தால்

புரோநோட்டில் கையெழுத்திட்டவர்கள் அஞ்ச வேண்டியது வழக்குக்கு அன்று. வழக்கைப் பாராமல் விட்டுவிடுவதற்கே. அழைப்பாணையை வாங்காமல் ஒளிந்தால் ஒருதலைத் தீர்ப்பு வரும். அதை நீக்கக் கோர 30 நாளே அவகாசம். கோரியவுடன் தர வேண்டிய புரோநோட்டின் மீது வழக்குப் போட, அது எழுதிய நாளிலிருந்து 3 ஆண்டு வரையே காலவரம்பு. ஆனால் இடையில் ஒரு சிறு தொகையைக் கட்டி எழுதிக் கொடுத்தாலோ, கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டாலோ அந்த 3 ஆண்டு புதிதாகத் தொடங்கிவிடும். ‘வரவு வைக்கிறேன், கையெழுத்துப் போடு’ என்று நோட்டை நீட்டுவதன் சூது இதுதான்.

தீர்ப்பே எதிராக வந்தாலும் எல்லாம் போய்விடுவதில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு உடுதுணி, சமையல் பாத்திரம், தொழிற்கருவி, தொழிலாளியின் கூலி, விவசாயியோ தொழிலாளியோ குடியிருக்கும் சொந்த வீடு ஆகியவற்றை ஜப்தியிலிருந்து காக்கிறது. வீட்டையே அடமானம் வைத்த கடனுக்கு மட்டும் இக்காப்பு பொருந்தாது. பணத் தீர்ப்புக்காகப் பெண்ணைக் கைது செய்ய 56ஆம் பிரிவு தடை விதிக்கிறது. வறுமையால் கட்ட இயலாதவரைச் சிறையிலடைக்க முடியாது என்று 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தந்தையின் கடனுக்கு, அவரிடமிருந்து வந்த சொத்தின் அளவுக்கே பிள்ளை பொறுப்பு. சொத்து இல்லையேல் பொறுப்பும் இல்லை.

வெற்றுக் காசோலை மட்டும் ஆபத்தானது. கையெழுத்து உங்களுடையது என்றால் கடனும் உண்மை என்றே நீதிமன்றம் முதலில் அனுமானிக்கும். காசோலை திரும்பியதாக வழக்கறிஞர் அறிவிப்பு வந்தால், கையில் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்ட வேண்டும். மறுப்பதாக இருந்தால் அந்த நாட்களுக்குள்ளேயே எழுத்தில் மறுத்துவிடுவது நல்லது.

சாதி நுழையும் இடம்

கடன் கேட்டு வந்தவர் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாதவராக இருந்து, பொதுமக்கள் காணும் இடத்தில் சாதிப்பெயர் சொல்லி இழிவு செய்தால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகள் பொருந்தும். கடனுக்காக வீட்டையோ நிலத்தையோ சட்டவிரோதமாகப் பறித்தால் 3(1)(ஜி). கட்டாய உழைப்பு வாங்கினால் 3(1)(எச்). ஊரை ஏவி விலக்கி வைத்தால் 3(1)(இசட்சி). இவற்றைப் புகாரில் முதல் நாளே குறிப்பிட வேண்டும். எந்த இடம், என்ன சொல், உடனிருந்தவர் யார் என்பவற்றை அன்றே எழுதி வைக்காவிட்டால் ‘பொதுமக்கள் காணும் இடம்’ என்பதை மெய்ப்பிக்க முடியாமல் வழக்கு சரியும்.

இன்றே செய்யத்தக்கவை

ஒரு நோட்டில் எல்லாக் கடனையும் எழுதுங்கள்: யாரிடம், எந்த நாள், எழுதிய தொகை எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு, எதில் கையெழுத்து, என்ன ஆவணம் அவர் கையில். கடன் தகவல் நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகத் தரும் அறிக்கையைப் பெற்றால், உங்கள் பெயரில் பிறர் வாங்கிய கடனும் தெரியவரும். அரிசி, மருந்து, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றுக்கு எடுத்து வைத்த பிறகே தவணை. தவணை கட்டுவதற்காகத் தண்டலிடம் போகாதீர்கள். பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞரைப் பெறும் உரிமை 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் உள்ளது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசுவோர், கட்ட இயலாத தொகைக்கு ஒப்பக் கூடாது. அந்த உடன்பாட்டுக்கு மேல்முறையீடு இல்லை.

கடனால் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் யாருக்கேனும் எழுந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். 104, 14416 ஆகிய எண்களில் எந்நேரமும் பேசலாம். எந்தக் கடனும் உயிரை ஈடாகக் கேட்கச் சட்டம் அனுமதிக்கவில்லை.

யாருக்குப் புதுத் தொடக்கம்?

கடனாளிகளைக் காக்கும் சட்டங்களின் வரலாற்றில் நம் மக்கள் பெரும்பாலும் விளிம்பில்தான் நின்றிருக்கிறார்கள். 1938இல் சென்னை மாகாண அரசு இயற்றிய விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், அசலைப் போல் இருமடங்கு கட்டியவரின் கடன் தீர்ந்ததாக அறிவித்தது. நல்ல சட்டம். ஆனால் நிலத்தில் உரிமையோ குத்தகையோ உள்ளவரே அதில் ‘விவசாயி’. அந்நிலத்தில் உழைத்த பண்ணையாள் அச்சொல்லுக்கு வெளியே நின்றார். அண்மையில் தமிழ்நாடு அரசு கூட்டுறவுச் சங்கங்களில் மகளிர் குழுக்கள் வாங்கிய கடனைத் தள்ளுபடி செய்தபோதும், தனியார் நிறுவனங்களின் குழுக்கடன் அதில் அடங்கவில்லை.

2016ஆம் ஆண்டின் திவால் சட்டத்திலும் அதே கதைதான். நிறுவனங்களுக்கான பகுதி அவ்வாண்டு டிசம்பரிலேயே நடைமுறைக்கு வந்தது. பல்லாயிரம் கோடிக் கடன்கள் அதன் வழியே பெருந்தள்ளுபடியுடன் முடித்து வைக்கப்படுகின்றன. அதே சட்டத்தில் ஏழைகளுக்காகவும் ‘புதுத் தொடக்கம்’ என்றோர் அத்தியாயம் எழுதப்பட்டிருக்கிறது. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கும், சொத்து 20,000 ரூபாய்க்கும், கடன் 35,000 ரூபாய்க்கும் மேற்படாத, சொந்த வீடற்றவர் அதன்படி கடனிலிருந்து விடுபட விண்ணப்பிக்கலாம். அந்த அத்தியாயம் மட்டும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. கையில் ஏதுமற்ற கடனாளிக்கு எஞ்சியிருப்பது 1920ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டம்.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. புதுத் தொடக்க அத்தியாயத்தை, இன்றைய விலைவாசிக்கேற்ப வரம்புகளை உயர்த்தி, உடனே நடைமுறைப்படுத்த வேண்டும். கொத்தடிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி அமைய வேண்டிய மாவட்ட, கோட்டக் கண்காணிப்புக் குழுக்கள் முறையாகக் கூடி, குவாரிகளையும் சூளைகளையும் தாமே சென்று பார்க்க வேண்டும். கந்துவட்டி மனுக்கள் மீது எடுத்த நடவடிக்கையை ஆட்சியர் மாதந்தோறும் வெளியிட வேண்டும். கல்லூரி மாணவர்கள் தத்தம் குடியிருப்பில் பத்துக் குடும்பங்களின் கடன் கணக்கை மேலே சொன்னபடி எழுதத் தொடங்கினால், எந்தக் கடன் எந்தச் சட்டத்தில் வருகிறது என்பது ஒரே வாரத்தில் புலப்படும். அந்த நோட்டோடு வருபவருக்குத்தான் மனு எழுதவும் வழக்குப் போடவும் நம்மால் முடியும். வாய் கட்டப்பட்ட சாட்சி மீண்டும் பேசத் தொடங்குவதும் அதற்குப் பிறகே.